ஜூலை நாலும் ஆனி சுவாதியும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பிள்ளை வளர்க்கிற வேலைக்குப் போகும் பெண்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

ரங்கூனில் ஓர் அமெரிக்கத் துரை வீட்டில் நான் ஆயாவாகச் சேர்ந்த முதல் நாளே துரைசாணிக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. கப்பலில் மெஷின் வரவழைத்து விற்கிற துரை அவர். வாசலெல்லாம் கொடி, தோரணம். பிள்ளை பிறக்குமுன்பே கட்டிவிட்டார்களே, என்ன துணிச்சல் என்று நினைத்தேன். பட்லர் காதர் பாய் சிரித்தார்.

“அது புள்ளைக்கு இல்ல தாயி. இன்னிக்கு ஜூலை நாலு. இவுங்க நாடு இங்கிலீஷ்காரங்ககிட்டேருந்து பிரிஞ்ச நாளு.”

“இவுகளும் இங்கிலீஷ்தானே பேசுறாக பாய்?”

“அதத்தான் நானும் கேட்டேன். துரை ரொம்ப நேரம் வெளக்குனாரு. அடுப்புல கோழி கருகிப்போச்சு.”

எனக்குத் தேதிக் கணக்குப் பிடிபடாது. பிள்ளை பிறந்தால் நட்சத்திரம் கேட்பதுதான் எங்கள் பழக்கம். கோயில் ஐயரிடம் ஓடினேன். ஆனி மாதம், சுவாதி என்றார். பர்மாக்காரத் தோட்டக்காரரோ, செவ்வாய்க்கிழமைப் பிள்ளை, அதனால் சிங்கம் என்றார். அவர்களுக்குக் கிழமைதான் கணக்கு, கிழமைக்கு ஒரு மிருகம். ரூத் என்று பேர் வைக்குமுன்பே அவளுக்கு மூன்று பிறந்த நாள்.

வருடா வருடம் ஜூலை நாலுக்கு ஊரிலிருந்த அமெரிக்கர்கள் எங்கள் பங்களாவுக்கு வருவார்கள். அது அடைமழைக் காலம். வாணமெல்லாம் நமுத்துப் போகும். காதர் பாய் அவற்றை ரொட்டி சுடுகிற அடுப்புப் பக்கம் காய வைப்பார். ஒரு வருடம் ஒரு வாணம் அங்கேயே சீறிக் கிளம்பி மாவுப் பீப்பாயில் போய் விழுந்தது. துரைசாணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அது கிடக்கட்டும். பாய் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, “எல்லாம் உங்களுக்குத்தான் மிஸ்ஸி பாபா” என்பார். ரூத் நம்பிவிட்டாள். என்னோடு பேசுவதெல்லாம் தமிழ்தான். என் தமிழே அவள் வாயில் வரும்.

ஐந்தாவது பிறந்த நாளன்று, விருந்துக்கு வந்த, ரூத்தைவிட மூத்த ஒரு சிறுமி விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கொடி நாட்டுக்கு, வாணமும் நாட்டுக்கு, கேக் மட்டும்தான் உனக்கு என்று. அந்தக் கேக்கிலும் ஒரு கொடி குத்தியிருந்தது. ரூத் அழவில்லை. பின்கட்டில் இஸ்திரி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். துரை கூப்பிட்டார், துரைசாணி கூப்பிட்டார். அசையவில்லை. நான் குனிந்து உள்ளே போனேன்.

“எனக்கு நாளே இல்லியா ஆயா?”

“ஏங் கண்ணு இல்ல? ஒன் நாளு இன்னும் வரல. ஆனி சுவாதிதான் ஒன் நாளு. இந்த வெள்ளிக்கெழமை வருது.”

“அன்னைக்கு யாரு கொடி கட்டுவாக?”

“ஒருத்தரும் கட்ட மாட்டாக.”

“அமெரிக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. மேசைக்கு வெளியே துரைசாணியின் செருப்பு! வருடா வருடம் ஆனி சுவாதிக்குக் கோயிலில் பிள்ளை பேரில் அர்ச்சனை செய்துவந்ததை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவருக்கு அரைகுறைத் தமிழ் புரியும்.

“ஆயா, வெள்ளிக்கிழமை என்ன?”

எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

“போன வருஷமும் வெள்ளிக்கிழமையா?”

“இல்லம்மா. அது நகரும். ஐயருதான் பாத்துச் சொல்லணும்.”

துரைசாணி குனிந்து மேசைக்கு அடியில் ரூத்தைப் பார்த்தார். “பாய்கிட்ட சொல்லு. என்ன சமைக்கணுமோ சமைக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை தோரணம் இல்லை, விருந்தாளி இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, சமையலறைப் படியில் உட்காரவைத்தேன். பாய் சேமியா பாயசம் காய்ச்சியிருந்தார். துரைசாணி கதவோரம் நின்று கேட்டார்.

“நான் வரலாமா?”

ரூத் யோசித்தாள். “கொடி இல்லாம வாங்க.”

துரைசாணி இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு வந்து, படியில் எங்களோடு உட்கார்ந்தார்.

பிறர் பிள்ளையை வளர்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஊரே கூடிக் கொண்டாடினாலும், அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்று ஒரு நாளைத் தேடி வைத்திருங்கள்.

ரூத் பிறகு கப்பலேறிப் போய்விட்டாள். நான் இன்றும் ஆனி சுவாதிக்குக் கோயிலுக்குப் போகிறேன். இந்த முறை இருந்தவர் புது ஐயர். பேர் கேட்டார், ரூத் என்றேன். கோத்திரம் கேட்டார், அமெரிக்கா என்றேன். மணியை ஆட்டிக்கொண்டே அதையும் சொல்லிவிட்டார்.