ஷாரோன் மறந்துபோன மத்தியானம்

நர்ஸ் வேலை போன அந்த ஒரு வருஷமும் 'சிஸ்டர்' என்று தன்னை யாராவது கூப்பிட மாட்டார்களா என்று சந்திரலேகா ஏங்கிக்கிடந்தாள். ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் பின்னாலிருந்து அந்தச் சொல் கேட்டது. கையில் கீரைக்கட்டோடு சட்டென்று திரும்பி, "என்னம்மா?" என்றாள். கூப்பிட்ட பெண் அவளைத் தாண்டிப் போய், அங்கே நின்றிருந்த கன்னியாஸ்திரி ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்திரலேகாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரி அவள். நர்சிங் படித்துவிட்டு, மாமன் மகன் மாரிராஜைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவனுக்குக் கார் கம்பெனியில் வண்டி பூட்டும் லைனில் வேலை. அவளுக்கு ஒரகடம் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறையும் சமையல்கட்டுமாக வாடகை வீடு.

கொரோனா சமயத்தில் ஆள் பற்றாமல் டூட்டிக்கு மேல் டூட்டி பார்த்தாள். கனத்த நோயாளி ஒருவரைத் தூக்கிப் புரட்டும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. லீவு கிடையாது. அதே வாரத்தில் ஊரில் அம்மா இறந்துபோனாள், போக வழியில்லை. அன்றைக்கு ஒரு நோயாளிக்கு வலி ஊசி போட்டதில் பாதி மருந்து மிச்சமிருந்தது. கொட்ட வேண்டிய அதைத் தனக்கே போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இடுப்பு வலி போயிற்று. அம்மா செத்ததுகூட யாரோ ஒருத்தியின் அம்மா செத்ததுபோல் தூரமாகப் போயிற்று.

இடுப்பு ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. ஊசிதான் அவளை விடவில்லை. மிச்சத்தை எடுத்தவள், பிறகு நோயாளியின் பங்கிலும் கை வைத்தாள். எலும்பு முறிந்து கிடந்த பெரியவர் ஒருவருக்கு வெறும் உப்புத் தண்ணீரைப் போட்டுவிட்டு மருந்தைத் தான் எடுத்துக்கொண்டாள். "சிஸ்டர், வலி இன்னும் கேக்கலையேம்மா" என்று அவர் விடியும்வரை முனகினார். அந்த முனகல் இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

கடைசியில் பாத்ரூமில் ஊசியோடு மயங்கிக் கிடந்தவளை, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் லூர்தம்மாள்தான் கதவை உடைக்கச் சொல்லி வெளியே எடுத்தார். வேலை போயிற்று. மாரிராஜ் அவளைச் சென்னையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தான். வாந்தியும் நடுக்கமும் தூக்கமில்லாத இரவுகளுமாகச் சில மாதங்கள் கழிந்து வீடு திரும்பினாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பழக்கம் ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து வந்ததும் மாரிராஜ் அவள் கையைப் பிடித்துக்கொள்வான். பிரியமாகத்தான் பிடிப்பான். பிடித்த கையை மெல்ல ட்யூப்லைட் வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, முழங்கை மடிப்பை ஒரு பார்வை பார்ப்பான். அவள் காட்டுவாள். கல்யாணமான புதிதில் அவன் அதே கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தது நினைவுக்கு வரும். வேவு பார்க்காத ஒரு பிடிக்காக மனசு அடித்துக்கொள்ளும். கேட்க வாய் வராது. எந்த முகத்தோடு கேட்பாள்?

ஒருநாள் துணிந்து லூர்தம்மாளைப் போய்ப் பார்த்தாள்.

"வேற ஆஸ்பத்திரில கேட்டா சேத்துக்கிடுவாங்க மேடம். ஆனா எல்லாத்தையும் மறைக்கணும். மறைச்சு மறைச்சுதான் நான் இப்பிடி ஆனேன். இங்கயே ஒரு வேல குடுங்க" என்றாள்.

லூர்தம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வார்டு குடுக்க முடியாது. மருந்து அலமாரி சாவி உன் கைக்கு வராது. எப்ப டெஸ்ட்டுக்குக் கூப்டாலும் வரணும். எல்லாருக்கும் விசயம் தெரியும், பின்னாடி பேசிக்கினுதான் இருப்பாங்க. இன்னா, தாங்குவியா?"

"தாங்குதேன் மேடம்."

காயத்துக்குக் கட்டுப் போடும் அறை அவளுக்குக் கிடைத்தது. 'சிஸ்டர்' என்ற சொல்லும் திரும்பக் கிடைத்தது. ஆனால் அவள் உள்ளே வந்தால் நர்சுகளின் பேச்சு நின்றுவிடும். ஊசித் தட்டை வைத்திருப்பவள் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொள்வாள். வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாகச் செய்வது. ஒரே ஒரு ஆளாவது, ஒரே ஒரு நிமிஷமாவது, தன் கதையை மறந்துவிட்டுத் தன்னிடம் பேச மாட்டார்களா என்று இருந்தது அவளுக்கு.

அப்படித்தான் அந்த மத்தியானம் வந்தது. வல்லம் வடகாலில் இரும்புத் தகடு அழுத்தும் ஒரு பிரஸ் ஷாப்பில் விரல் நசுங்கிய தொழிலாளி ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பெயர் உச்சிமாகாளி, தென்காசிப் பக்கம். டாக்டர் பார்த்துவிட்டு, அரை ஆம்பியூல் வலி ஊசி போட்டுக் காயத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார். சாவி இருந்தது ஷாரோன் என்ற இளைய நர்சிடம். ஷாரோன் வரும்வரை சந்திரலேகா அவனுடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உசிரு போகுதுக்கா. ஏதாவது போடுங்கக்கா."

"இந்தா வந்துருவாங்க. எந்த ஊரு உங்களுக்கு? எனக்குக் கோவில்பட்டிப் பக்கம்."

ஷாரோன் ஓடி வந்தாள். மருந்தை ஊசியில் ஏற்றி, பாதியைப் போட்டாள். அதற்குள் எமர்ஜென்சியில் இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து நிற்க, யாரோ அவளைக் கத்திக் கூப்பிட்டார்கள். "அக்கா, மிச்சத்த நீயே கொட்டிடுக்கா" என்று ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடிப்போனாள்.

அறையில் நோயாளியை விட்டால் சந்திரலேகாவும் அந்த ஊசியும்தான். உச்சிமாகாளியின் முகத்தில் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. பல்லைக் கடித்திருந்த தாடை தளர்ந்தது. அவன் எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்தின் வெதுவெதுப்பு தெரியும், அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை என்பது தெரியும். அவன்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வாய் ஊறியது.

ஷாரோன் அவள் கதையை மறந்துவிட்டாள். இத்தனை மாதம் சந்திரலேகா ஏங்கிய மறதி, கையெட்டும் தூரத்தில் அந்த ஊசியையும் வைத்துவிட்டுப் போயிருந்தது. யாருக்கும் தெரியப்போவதில்லை. கொட்டிவிட்டேன் என்றால் கொட்டியதுதான். தட்டை எடுத்தாள். நீட்டிய கையில் அதை ஏந்திக்கொண்டு எமர்ஜென்சிக்கே நடந்தாள்.

"ஷாரோன், இத நீ கொட்டு. என் கண்ணு முன்னாடி கொட்டு. இப்பவே."

ஷாரோன் விழித்தாள். பிறகு அவளுக்கு நினைவு வந்தது. "ஐயோ, சாரிக்கா. சத்தியமா எனக்கு ஞாபகமே வரல."

"தெரியும்" என்றாள் சந்திரலேகா. அந்த நினைவு ஷாரோனின் கண்ணில் திரும்பி வந்து உட்காருவதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. மருந்து கழுவுதொட்டியில் இறங்கிப் போனதும், உச்சிமாகாளியின் காயத்தைச் சுத்தம் செய்யத் திரும்பினாள்.

டூட்டி முடிந்து லூர்தம்மாளிடம் தானே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "ஷாரோன நான் திட்டணும். உன்ன இன்னா சொல்றதுன்னு தெரியல. வூட்டுக்குப் போ. சாவி இன்னும் உன் கைக்கு வராது."

"வேண்டாம் மேடம்."

வீட்டில் மாரிராஜ் தக்காளி அரிந்துகொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து வழக்கம்போல அவள் கையைப் பிடித்தான். அவள் இழுத்துக்கொண்டாள்.

"பாக்காதீங்க அத்தான். நானே சொல்லுதேன். இன்னைக்கு ஊசி என் கையில இருந்துச்சு. போடல. ஆனா போடணும்போல இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

எப்போது கேட்டாலும் "ஒண்ணுமில்ல" என்றே சொல்லிவந்தவள் அவள். அவன் போய் அடுப்பை அணைத்தான். கோபித்துக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தாள். அவன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"எப்பிடி இருக்கும்? எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே."

அவள் சொன்னாள். நாக்கு உலர்வதை, உடம்பு எதையோ தொலைத்த மாதிரி தேடுவதை, அம்மாவின் சாவை, அந்தப் பெரியவரின் முனகலை. சொல்லச் சொல்ல இருட்டிவிட்டது. அவன் எழுந்து விளக்கைப் போடவில்லை.

"போகவே போகாதா இது?"

"குறையும்ங்காங்க. போகும்னு யாரும் சொல்லல."

"சரி. வரும்போது சொல்லு."

இப்போதும் அவள் கட்டுப் போடும் அறையில்தான் இருக்கிறாள். ஷாரோன் மிச்ச மருந்தைத் தானே கொட்டுகிறாள், சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்காரவும் செய்கிறாள். சில மத்தியானங்களில், வெயில் ஏறிக் கூட்டம் குறைந்த நேரத்தில், அந்த ஏக்கம் வந்து அறைக்குள் நிற்கும். மாரிராஜுக்கு உடனே சொல்ல முடியாது, லைனில் போன் கூடாது. டீ பிரேக்கில் லாக்கரைத் திறந்து போனை எடுத்து அவனே கூப்பிடுவான்.

"இருக்கா?"

"இருக்கு."

"நான் போன்லயே இருக்கேன். பேசிட்டே இரு. பெல் அடிக்குத வரைக்கும் இருப்பேன்."

அவள் கட்டுத்துணியை மடித்தபடி எதையாவது பேசிக்கொண்டிருப்பாள்.