ஆணிக்குப் போன கத்தரிக்கோல்

இன்று கத்தரி அக்காவிடம் வகையாக மாட்டிக்கொண்டேன்! எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் நிற்பவர். நான் நுழைந்தபோது தலைவலி மாத்திரை அட்டையை இரண்டிரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். டக், டக். பதினாறு வருஷப் பழக்கம், பார்க்காமலே வெட்டுவார். கட்டை விரலில் கத்தரி வளையம் அழுத்தி அழுத்திக் காய்த்துப் போயிருக்கிறது.

"தொண்டை வலிக்குதுக்கா. போன வருஷம் குடுத்தீங்களே, அந்த ஆன்டிபயாடிக், அதுல ரெண்டு வெட்டிக் குடுங்க."

கத்தரிக்கோல் உடனே சுவர் ஆணிக்குப் போய்விட்டது.

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"ரெண்டே ரெண்டுதானேக்கா..."

"மிட்டாயா அது, ரெண்டு வாங்கி வாயில போட்டுக்க? உப்புத் தண்ணியில கொப்பளி. காய்ச்சல் வந்தா டாக்டர்ட்ட போ."

பக்கத்தில் நின்ற பெரியவருக்கு ஒரே சந்தோஷம். "போன வாரம் சளிக்குக் கேட்டேன், என்னையும் இப்படித்தான் தொரத்துனா. இவ வியாபாரம் பாத்தா கடை வெளங்கிடும்!"

"சளி போச்சா இல்லையா மாமா?"

"போச்சு. அதான் கோவம்."

ஆனால் அக்கா முன்பு இப்படி இல்லை. கவுன்ட்டருக்கு அடியில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தாராம். வெட்டியது போக மிச்சமாகும் அட்டைத் துண்டுகள் அதில் விழும். பெயர் பாதி இருக்கும், தேதி இருக்காது, விற்க முடியாது. வீணாகப் போவானேன் என்று வீட்டுக்கு எடுத்துப் போவார். கணவர் பெயின்டர். அவர் தும்மினால் ஒரு துண்டு, இருமினால் இன்னொன்று. தேவலை என்றதும் நிறுத்திவிடுவார். "மருந்துக்கடைக்காரி பொண்டாட்டியா கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்னு ஊரெல்லாம் பெருமை அடிப்பாரு, பாவி மனுஷன்."

நான்கு மாதங்களுக்கு முன் ஏணி சறுக்கி அவருடைய இடது பாதம் கிழிந்தது. புண் ஆறவில்லை. மருந்தை மாற்றினார்கள், அப்போதும் ஆறவில்லை. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்தத் தாள் இன்னும் அக்காவின் கைப்பையில் இருக்கிறது, பிரித்துக் காட்டினார். பன்னிரண்டு மருந்துகளின் பெயர்கள். பத்துக்கு நேரே 'இந்தக் கிருமியிடம் வேலை செய்யாது' என்ற குறி. அந்தப் பத்தில் ஆறு, அக்கா டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தவை.

"ஒடம்புதான் மருந்துக்குப் பழகிடும்னு நெனச்சேன். ஒடம்பு இல்ல, கிருமிதான் பழகுதாம். தேவையில்லாம, அரைகொறையா மருந்து போட்டா மத்ததெல்லாம் செத்துரும், கெட்டிக்காரக் கிருமி மட்டும் தப்பிச்சுப் பெருகும். அப்புறம் எதைப் போட்டாலும் நம்மளப் பாத்துச் சிரிக்கும். அடுத்த வீட்டுக்காரனுக்கும் தொத்தும்."

மிஞ்சிய இரண்டில் ஒன்றை ஊசியாக ஏற்றினார்கள். கால் விரல்கள் தப்புமா, எடுக்க வேண்டுமா என்று இன்று மூன்று மணிக்கு டாக்டர் சொல்வதாக இருந்தது. மணி மூன்றே முக்கால். இருமல் மருந்துப் பாட்டிலில் சாய்த்து வைத்த செல்போனை அக்கா நொடிக்கொரு தரம் பார்த்தார்.

"கூடப் போகலையாக்கா?"

"வரவேணாம்ட்டாரு. நீ அழுது டாக்டரைப் பயமுறுத்திடுவேன்னு."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஒரு கரகரத்த குரல்: "அடியே, புண்ணு மூடிருச்சு! அஞ்சு வெரலும் அப்படியே இருக்கு. ஊசியும் போதும்ட்டாங்க."

அக்கா போனை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டார்.

"இருக்கியா?"

"எண்ணிப் பாத்தீங்களா?"

"என் காலுடி! எனக்குத் தெரியாதா?"

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டப்பா இருக்கலாம். தயவுசெய்து திறந்து பாருங்கள். சளி என்றதும் ரெண்டு மாத்திரை வாங்கப் போகும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.

அக்கா குனிந்து, டப்பா இருந்த இடத்திலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே புது ஆண் செருப்பு ஜோடி. வாங்கி இரண்டு மாதமாகிறதாம், இன்னும் பிரிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு தடித்த நூல் கட்டியிருந்தது. ஆணியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். டக்.