கண்ணாடிச் செட்டை

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். விலங்கியல் படித்து முடித்து, அரச வேலை நியமனத்துக்குக் காத்திருந்த நாட்களில் உரும்பிராய் வீட்டில் நானும் அப்பாவும்தான். அம்மா முன்னரே காலமாகிவிட்டார். கூடப் படித்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விட்டதால் கதைக்க ஆளில்லை. அப்பா வெங்காயத் தோட்டத்திலிருந்து பொழுதுபட்டுத்தான் வருவார். “நாலு வருசமா என்னதான் படிச்சனி?” என்று கேட்பார். கோபத்தில் அல்ல, உண்மையாகவே தெரியாமல் கேட்பார். எனக்கும் சொல்ல வராது.

ஒருநாள் கிணற்றடிக் கோப்பிச் செடியில், வாலில் கொம்பு வைத்த பச்சைப் புழுவொன்றைக் கண்டேன். சிறகு, எங்கள் பேச்சில் செட்டை, கண்ணாடி போலிருக்கும் அந்துப்பூச்சியின் புழு. எங்கள் பக்கத்தில் அந்தப் பூச்சி பறப்பதை ஒரே ஒருமுறைதான் கண்டிருந்தேன். இதை அப்பாவுக்குக் காட்டினால் போதும் என்று தோன்றியது. பெயின்ற் வாளியில் மண்ணும் சருகும் போட்டு, நுளம்பு வலையால் மூடி வளர்த்தேன்.

“தோட்டத்திலை உந்தச் சாதியை நான் மருந்தடிச்சுக் கொல்லுறன். வீட்டிலை நீ இலை போட்டு வளக்கிறாய். நல்ல குடும்பம்!” என்றார் அப்பா.

“இது வெங்காயத்துக்கு வராதப்பா. செட்டைக்குள்ளாலை பாத்தா அங்காலை இருக்கிறது தெரியும். வெளியிலை வரேக்கை கூப்பிடுறன், வந்து பாருங்கோ.”

“ஓம், கூப்பிடு. பாப்பம் உன்ரை படிப்பை.”

புழு மண்ணுக்குள் போய்க் கூடாகியது. ஒரு காலை கூடு வெடித்தது. மண்வெட்டியோடு புறப்பட்ட அப்பாவை மறித்தேன். இருவரும் வாளிக்கு முன் குந்தியிருந்தோம். பூச்சி குச்சியில் ஏறி மெல்லச் சிறகை விரித்தது. முழுக்கச் சாம்பல் தூள். அடுப்புக்குள் புரண்டு வந்ததுபோல் இருந்தது.

“உதுவே கண்ணாடி?”

“வேறை புழுவை வளத்திட்டன் போலை,” என்றேன்.

“சரி, விடு. இண்டைக்குத் தோட்டக் கிணத்திலை எங்கடை இறைப்பு முறை. பிந்தினா பக்கத்துத் தோட்டக்காரன் தண்ணி இறைக்கிற மிசினைக் கொண்டுவந்து வைச்சிடுவான்.” அவர் போய்விட்டார்.

வலையைக் கழற்றினேன். கனநேரம் பூச்சி அசையவில்லை. பிறகு சிறகுகள் நடுங்கத் தொடங்கின. தூள் புகைபோல உதிர்ந்தது. அது எழும்பி என் முகத்துக்கு நேரே நின்று பறந்தபோது, சிறகுக்குள்ளால் கோப்பி இலைகள் பச்சையாகத் தெரிந்தன. முதற் பறப்பில்தான் தூள் கொட்டும் என்பதை நான் படித்திருக்கவில்லை. படமெடுக்கப் போன் கையில் இல்லை, அறைக்குள் சார்ஜில் கிடந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் பூச்சி வேலியைத் தாண்டிவிட்டது.

இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

“இருக்கும், இருக்கும்,” என்றார். என் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னார். பிறகு தன் சோற்றுக் கோப்பையிலிருந்த மீன் துண்டை எடுத்து என் சோற்றின்மேல் வைத்தார். நான் குனிந்து சாப்பிட்டேன்.