கெசியாவின் சீட்டுக்காக நான் சொன்ன சாட்சி

போன ஜூன் மாதம் முதல் ஞாயிறு ஆராதனையில், சாட்சி சொல்லும் நேரத்தில் நான் எழுந்து நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மஸ்கட்டிலிருந்து வந்த என் பேத்தி கெசியாவுக்கு, நம் மாவட்டத்தில் எல்லாரும் ஆசைப்படும் ஒரு பெரிய விடுதிப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இடம் கிடைத்ததைச் சொன்னேன். ஆண்டவர் கொடுத்த சீட் என்றேன். நீங்களும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சியைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மனைவி போன பிறகு பென்னாகரத்து வீட்டில் நான் மட்டும்தான். வானொலியைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன், ஒரு குரலாவது இருக்கட்டும் என்று. மருமகன் அங்கே வேலை பார்த்த கம்பெனியை மூடப் போவதாகத் தெரிந்ததும், பள்ளி திறப்பதற்குள் பிள்ளையை மட்டும் முதலில் அனுப்பினார்கள். அவர்கள் வந்து சேர ஒரு வருஷமாகும். என் மகள் எஸ்தர் ஃபோனில் ஒன்றைத்தான் கேட்டாள். "வூட்டுலேர்ந்து போய் வர்ற மாதிரி ஒரு ஸ்கூல் பாருங்கப்பா. உங்களுக்கும் தொணையா இருப்பா."

அப்படி ஒரு பள்ளி இருந்தது. சின்னப் பள்ளி. வேன் வாசலுக்கே வரும். அதை நடத்தும் அம்மாவிடம் பத்தாம் வகுப்பில் எத்தனை ரேங்க் என்று கேட்டேன். "ரேங்க்கெல்லாம் இல்லீங்க சார். புள்ளைங்க அழுவாம வருதுங்க, அழுவாம போவுதுங்க" என்றார். நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன். அவர் வரவழைத்த டீயைக்கூடக் குடிக்கவில்லை.

பெரிய பள்ளியின் பேனர் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. மார்க்கும் முகமுமாகப் பிள்ளைகள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த வரிசையில் கெசியாவின் முகத்தை வைத்துப் பார்த்தேன். அங்கே முதல்வர் என் பழைய மாணவர். ஆனாலும் இடம் கிடைப்பது கஷ்டம் என்றார். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து ஜெபித்தேன். கிடைத்தது. போகச் சம்மதமா என்று பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்காக ஓர் அறைக்கு வெள்ளையடித்து, நீலத் திரை போட்டிருந்தேன். அவள் அதற்குள் வந்து உட்கார்ந்தபோது என்ன பேசுவதென்று தெரியவில்லை. துண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால்கூடத் திடுக்கிட்டேன். தனிமை அவ்வளவு பழகிவிட்டது. விடுதி எனக்கு வசதியாக இருந்தது.

அந்தப் பள்ளியில் மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் போய்ப் பார்க்கலாம். அன்று மைதானத்து வேப்ப மரங்களின் கீழே குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து, கேரியரைத் திறந்து பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள். முதல் மாதம் நான் கொண்டுபோன எலுமிச்சை சாதத்தை கெசியா சாப்பிட்டாள். இரண்டாவது மாதம் கையில் எடுத்த உருண்டையை வைத்துவிட்டுக் கேட்டாள். "தாத்தா, நான் வீட்ல இருந்தா உங்களுக்குக் கஷ்டமா?"

"இது ஆண்டவர் குடுத்த எடம்மா. வேணாம்னு சொல்லக் கூடாது" என்றேன்.

அவள் டப்பாவை மூடினாள். அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் விடுதியிலிருந்து ஃபோன் வரும். "நல்லா இருக்கேன் தாத்தா. நீங்க நல்லா இருக்கீங்களா?" நானும் நல்லா இருக்கேன்மா என்பேன். பிறகு இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். அடுத்த பிள்ளை ஃபோனுக்குக் கை நீட்டும் வரை அப்படியே இருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் நீங்கள் அன்போடு விசாரிப்பீர்கள். "அந்த சீட்டு குடுத்தவருகிட்ட எங்க பையனுக்கும் ஒண்ணு சொல்லி வைங்க சார்" என்று ஒருவர் கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். சாட்சி சொல்லிவிட்டுப் பிள்ளையை எப்படித் திரும்பக் கூட்டி வருவது? தேவனுடைய நாமம் என்னாகும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் பெயரை.

காலாண்டுத் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு, விடுதி வார்டன் அம்மா தன் சொந்த ஃபோனில் கூப்பிட்டார். கெசியாவுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டதாம். ஆனால் தட்டை அப்படியே வைத்துவிடுகிறாளாம். யாரிடமும் பேசுவதில்லை. தொப்பூர் பக்கம் போகும் லாரிகளைப் பார்த்தபடி ஜன்னலோரம் நிற்கிறாளாம். "நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க சார். கூட்டிக்கினு போயிடுங்க. பொண்ணு ரொம்ப எளைச்சிருச்சி."

அதுவரை நான் என்ன ஜெபித்து வந்தேன் தெரியுமா? அங்கேயே இருக்க அவளுக்குப் பெலன் கொடும் என்றுதான். அந்த ஜெபத்தை ஆண்டவர் கேட்காமல் விட்டதற்கு இன்று ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அன்று மத்தியானம் அவளுடைய காலி அறையில், கட்டிலோரம் முழங்காலிட்டேன். பழக்கத்தில் வாய் தானாகத் தொடங்கியது. "ஆண்டவரே, நான் நல்லா இருக்கேன், உமக்கு நன்றி." அதோடு நிறுத்திவிட்டேன். அது கெசியாவின் சனிக்கிழமை வாக்கியம். அதே குரல்.

நான் நன்றாக இல்லை என்று முதல் தடவையாக ஆண்டவரிடம் சொன்னேன். தனியாக இருக்கிறேன். அவளையும் தனியாக்கிவிட்டேன். மனைவியை அடக்கம் செய்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவள் வீட்டுக்கு வர ஒரு வழி திறந்து தாரும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை அந்தச் சின்னப் பள்ளிக்குப் போனேன். பாதி வருஷத்தில் யார் சேர்ப்பார்கள் என்ற பயம். அந்த அம்மா என்னை மறந்திருக்கவில்லை.

"இப்பவும் எங்ககிட்ட ரேங்க் இல்லீங்க சார்" என்றார்.

"வேணாம்மா. வேன் இருக்குதா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார்: ஏழாம் வகுப்பில் ஒரு பெஞ்சுகூட மிச்சமில்லாமல் இருந்ததாம். முந்தின நாள் மத்தியானம்தான் ஒரு பெண் டிசி வாங்கிக்கொண்டு போனாளாம். அவள் அப்பாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம். நான் முழங்காலில் இருந்த வேளை. இந்தத் தடவை டீ வந்தது, குடித்தேன்.

அங்கிருந்து நேராக விடுதிப் பள்ளிக்குப் போனேன். முதல்வரான என் மாணவர் வருத்தப்பட்டார். பள்ளியின் மேல் குற்றமில்லை, அங்கே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு, தேர்ந்தெடுத்தவன்தான் பிசகினான் என்றேன். கெசியாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். சீருடை அவள் தோளில் தொங்கியது.

"தாத்தாவ மன்னிச்சிரும்மா. வூட்டுக்குப் போலாம் வா" என்றேன்.

அவள் நகரவில்லை. "சர்ச்ல என்ன சொல்வீங்க தாத்தா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "நீங்க சாட்சி சொல்லிட்டீங்கல்ல. அதான் நான் அம்மாகிட்டகூட எதுவும் சொல்லல."

ஜூன் மாதம் நான் சாட்சி சொன்னபோது அவள் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நான் அதை மறந்திருந்தேன். நான் சொன்ன சாட்சி பொய்யாகிவிடக் கூடாது என்று ஒரு சின்னப் பிள்ளை பட்டினி கிடந்து அதைத் தாங்கியிருக்கிறாள். "உள்ளதச் சொல்லுவேன்மா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போது காலையில் வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. அவள் தமிழ் எழுத்து இன்னும் தடுமாறுகிறது, மார்க்கும் சுமார்தான். சாயங்காலங்களில் இப்போதும் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இரண்டு தட்டு கழுவுகிறேன். வானொலி போடுவதில்லை. கோடையில் எஸ்தரும் மருமகனும் வந்து ஓசூரில் வீடு பார்க்கப் போகிறார்கள். கெசியாவும் அவர்களோடு போவாள், அதுதான் நியாயம். நீலத் திரை போட்ட அறை மறுபடி காலியாகும். அந்த நாளை நினைத்தால் பயமாக இருக்கிறது என்பதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லிவருகிறேன். அவர் அருகில் இருக்கிறார். அது போதும் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் பொய் சொல்லாமல் ஜெபிக்கிறேன்.

சபையாரே, நன்றி சொல்லிவிட்டோமே என்பதற்காக ஒரு தவறை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால், விட்டுவிடுங்கள். நீங்கள் திரும்பி நடப்பதால் ஆண்டவருக்கு அவமானம் எதுவும் வராது. அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பாருங்கள். எனக்குக் கதவைத் திறந்தவர் உங்களுக்கும் திறப்பார்.

இதை நம் சபைப் பத்திரிகைக்குக் கொடுக்கும் முன் கெசியாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லலாம், ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றாள். எடுத்துவிட்டேன்.