அண்ணன் போடாத கையெழுத்து

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிப் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவேன். படித்த பிள்ளைகள் இருக்கும்போது அண்ணனின் இந்த நினைவு மலரில் நான் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். "பழசெல்லாம் கிளறாதம்மா. நாலு நல்ல வார்த்தை போடு, போதும்" என்று சித்தப்பா சொன்னார். அதன் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அண்ணன் பிறந்தது இதே இரும்புலியூரில். அப்பா சீக்கிரமே காலமானதால், ஐ.டி.ஐ. முடித்த கையோடு விழுப்புரம் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் சேர்ந்தார். கரும்பைப் பிழிந்த பின் மிஞ்சும் சக்கையை பாய்லரில் எரித்து, அந்த நீராவியில் மின்சாரம் எடுக்கும் பிரிவு. ஆலைக்குப் போக மீதியை வெளியே அனுப்புவார்கள். வாரம் ஒருமுறை பஸ்ஸில் தாம்பரம் வந்து இறங்குவார். சட்டை மடிப்பில் சக்கைத் தூள் இருக்கும். என் கல்யாணம் நடந்தது அந்தத் தூளில்தான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு விசேஷத்தில் என் வீட்டுக்காரர், "இன்னா மச்சான், ஜூஸு மொதலாளிக்கு, சக்கை உங்களுக்கா?" என்று கேலி செய்தார்.

"மாப்ள, உங்க தலைக்கு மேல சுத்துதே ஃபேன், அது சக்கைலதான் ஓடுது. வேணாம்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றார் அண்ணன். பந்தியே சிரித்தது.

ஒருநாள் உண்மையாகவே நிறுத்தினார். அதைத்தான் எழுத வேண்டாம் என்கிறார்கள்.

சக்கையை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பது அண்ணனின் வழக்கம். உள்ளங்கை நனைந்தால் பாய்லருக்குள் தள்ள விடமாட்டார். வீட்டில் வடகத்தையும் அப்படிப் பிடித்து நொறுக்கி, அண்ணியிடம் திட்டு வாங்குவார்.

அன்று மூன்றாவது நாளாக மழை. வெளியே குவித்திருந்த சக்கை ஊறிப்போயிருந்தது. மேலிடத்து உத்தரவில் அதையே உள்ளே தள்ள, தீ மங்கிவிட்டது. ஈரச் சக்கை எரியாமல் உள்ளே குவிந்துகொண்டே போய், திடீரென்று மொத்தமாகப் பற்றினால் நெருப்பு கதவு வழியாக வெளியே சீறுமாம். கதவருகே இரண்டு தொழிலாளர்கள் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி போனில் கத்தியிருக்கிறார். "தள்ளுய்யா! கரண்டு கொறையுது!"

"சார், கதவாண்ட ரெண்டு பேரு கீறாங்க. தள்ள முடியாது."

"மெஷின் நின்னா நீதான் பதில் சொல்லணும்."

"சொல்றேன் சார்."

அவ்விருவரையும் விலகச் சொல்லிவிட்டு, சக்கை போவதை அண்ணன் நிறுத்தினார். மின்சாரமும் நின்றது.

மாலையில் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். 'என் அலட்சியத்தால் இயந்திரம் நின்றது' என்று தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் அதே வேலை, இல்லாவிட்டால் வெளியே சக்கை குவிக்கும் மேட்டில் வேலை என்றார்கள். அண்ணன் போடவில்லை. ஓய்வு பெறும்வரை வெயிலிலும் தூசியிலும் சக்கை மேட்டில்தான் நின்றார். அங்கே பிடித்த இருமல் கடைசி வரை விடவில்லை. "ஒரு கையெழுத்துல என்னா போயிடப்போவுது?" என்று கேட்காத உறவினர் இல்லை. நானும் கேட்டேன். அண்ணன் பேச்சை மாற்றிவிடுவார்.

காரியத்துக்கு வந்த இருவர் சொல்லித்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. கதவருகே நின்றவர்கள் அவர்கள்தான். இருவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இனி யாரும் அண்ணனை அலட்சியக்காரர் என்று சொல்லக் கூடாது. சொன்னால், நான் எழுந்து உள்ளே போகமாட்டேன்.

மூச்சு முட்டியபோதெல்லாம் தன் ஆட்டோவில் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எதிர்வீட்டு பாய்க்கும், இரவும் பகலும் உடனிருந்த அண்ணிக்கும், வழி விசாரித்து வந்த அந்த இருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனின் பெட்டியில் இருந்த அந்தக் காகிதத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறேன். கையெழுத்து போடும் இடம் காலியாக இருக்கும்.

அண்ணன் மறுத்த மறுநாள் காலை, மழை படாமல் கொட்டகைக்குள் முதலிலிருந்தே இருந்த காய்ந்த சக்கையைப் போட்டு பாய்லரை மூட்டினார்கள்.