இஸ்திரிப் பெட்டிச் சின்னத்தில் நான்

வேட்புமனுவை நான் நிரப்பிக்கொண்டிருந்தபோது என் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி, நெசமாவே நிக்கப் போறியா?"

"ஆமா. நிக்கத்தான் போறேன்."

"எதுக்கு நிக்கே? அதச் சொல்லு."

வாயைத் திறந்தேன். மக்கள் சேவை என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். முப்பது வருஷம் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். எந்த வாக்கியத்துக்குள் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஜனக்புரி மெட்ரோவிலிருந்து ரிக்‌ஷாவில் போகிற தூரத்தில் எங்கள் காலனி. கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து வந்த நாள் முதல் அங்கேதான் இருக்கிறோம். அரசியல் என்றால் பேப்பரில் படிப்பதோடு சரி. எனக்கு மாநகராட்சித் தேர்தலில் நிற்கும் எண்ணம் வந்ததே எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளால்தான். எழுபது வயதைத் தாண்டியவர். தில்லி வழக்கப்படி நான் அவரை பாபிஜி என்று கூப்பிடுவேன், அண்ணி மாதிரி. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு இருவரும் சேர்ந்தே போவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது பாபிஜி என் கையை இறுக்கிப் பிடித்தார். அவசரம். சர்க்கரை நோய்க்காரர், அடக்க முடியாது. சந்தை முனையில் பெண்களுக்கான பொதுக் கழிப்பறை ஒன்று இருந்தது. ஓடினோம். பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே துடைப்பங்களும் உடைந்த பூந்தொட்டிகளும். பக்கத்துக் கடைகளில் கெஞ்சினேன். எல்லாரும் கையை விரித்தார்கள். அதற்குள் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. என் சால்வையை அவர் இடுப்பில் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றினேன். அதற்குப் பிறகு சந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். கேட்டால் முழங்கால் வலி என்பார்.

கழிப்பறையைத் திறக்கச் சொல்லி நான் மாநகராட்சிக்கு மனு எழுதினேன். பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன். கடைசியில் அப்போதைய கவுன்சிலரின் அலுவலகத்துக்கே போனேன். அங்கே மேஜையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த ஒருவர், "இவ்வளவு அக்கறைன்னா நீங்களே எலக்‌ஷன்ல நில்லுங்களேன் மேடம்ஜி" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது யோசனையாகப் பட்டது.

கட்சி ஏதும் இல்லாததால் சுயேச்சை. கிடைத்த சின்னம் இஸ்திரிப் பெட்டி. வீட்டில் அதைச் சொன்னதும் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் குதித்தாள். "மம்மி, பெர்ஃபெக்ட்! இந்தில இஸ்திரின்னா இது, ஸ்திரீன்னா பொம்பளை. 'ஸ்திரீ கோ வோட், இஸ்திரி பர் வோட்!' ஸ்லோகன் ரெடி!" பெண்ணுக்கு ஓட்டு, பெட்டியில் ஓட்டு என்று அர்த்தம். எங்கள் பிளாக்கின் வேப்பமரத்தடியில் துணி தேய்ப்பவர் அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். தேய்த்த துணியைக் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "இதுதான் மேடத்தோட சின்னம், மறந்துடாதீங்க" என்று சொல்லத் தொடங்கினார். நான் கேட்காமலே எனக்கு வாய்த்த முதல் தொண்டர் அவர்தான்.

வீடு வீடாகப் போனேன். மூன்றாவது மாடியில் ஓர் இளம்பெண் கதவைப் பாதி திறந்து, "ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டாள். "சேவை செய்யத்தான்" என்றேன்.

"காலைல வந்தவரும் அதேதான் சொன்னார். நேத்து வந்தவரும்" என்று கதவைச் சாத்தப் போனாள்.

எனக்குச் சுருக்கென்றது. "இரும்மா" என்று தடுத்தேன். "சந்தைல இருக்கிற லேடீஸ் டாய்லெட்டைத் திறக்கணும். அதுக்குத்தான் நிக்கிறேன். போய்க் கேட்டேன், சிரிச்சாங்க. அந்தக் கோபமும் இருக்கு."

அவள் கதவை முழுசாகத் திறந்தாள். "உள்ளே வாங்க ஆன்ட்டி. சாய் குடிங்க."

அன்று படியிறங்கும்போது எனக்கே சில விஷயங்கள் புரிந்தன. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில், யார் எதைக் கேட்டு வந்தாலும் முடியும், முடியாது என்று ஏதாவது ஒரு பதில் சொல்லித்தான் அனுப்புவேன். பதிலே சொல்லாமல் ஒரு மனுஷியைத் திருப்பி அனுப்புவது எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாலு பேர் நான் பேசுவதை நின்று கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்று சாயங்காலம் கணவரிடம் இரண்டையும் சொன்னேன்.

"இப்பதான் சரியாச் சொல்லுத" என்றார். மறுநாள் காலையில் குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, துண்டுப்பிரசுரக் கட்டோடு எனக்கு முன்னால் வாசலில் நின்றார்.

பூங்காவில் ஒரு கூட்டம் போட்டோம். குளிர்கால மத்தியானம், பெண்கள் வெயிலில் பாய் விரித்து உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சை மகள் இந்தியில் எழுதியிருந்தாள். எனக்கு இந்தி சரளமாகப் பேச வரும், வேகமாகப் படிக்க வராது. அதனால் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். வினை அங்கேதான். இந்தியில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் உச்சரிப்பு வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே 'கானா'. மாநகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்று சொல்ல வந்தவள், பதற்றத்தில், நல்ல பாட்டு வேண்டும் என்று முழங்கிவிட்டேன்.

"அப்போ நீங்களே ஒண்ணு பாடுங்க!" என்றாள் முன்வரிசைக்காரி. பூங்காவே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். தாளை மடித்துப் பைக்குள் போட்டுவிட்டு, பூட்டிய கழிப்பறையைப் பற்றி எனக்குத் தெரிந்த இந்தியில் பேசினேன். பாபிஜியைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அது அவருடைய கதை. சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பேசி முடித்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். "ருக்கோ, கொஞ்சம் நில்லு, நான் சொல்றேன்." பாபிஜி! கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். "இந்த வயசுல நடுரோட்டுல எனக்கு அப்படி ஆச்சு. அதான் நான் சந்தைக்கு வர்றதில்லை. முழங்கால் வலி இல்லை, பொய் சொன்னேன்." பட்டாணி உரித்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. பிறகு இன்னொரு பெண் எழுந்தாள், தனக்கும் அப்படி ஆகியிருக்கிறது என்று. அவளுக்குப் பின் வேறொருத்தி. சந்தைக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை என்றாள் அவள். அதற்குமேல் அங்கே என் பேச்சு யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்த வாரமே மற்ற வேட்பாளர்களின் நோட்டீஸ்களிலும் கழிப்பறை இடம்பிடித்தது. என் மகள் 'காப்பி அடிக்கிறாங்க' என்று கொதித்தாள். எனக்கு உள்ளூரக் குஷி.

நான் ஜெயிக்கவில்லை. ஒன்பது பேரில் நாலாவதாக வந்தேன். என் கணவரோ ஊருக்கு ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு, "நாலாவது எடம்லா! கட்சிக்காரனுவளுக்கே தண்ணி காட்டிட்டா" என்று ஏதோ நான் பதவியேற்ற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரர்தான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன்னுடைய சின்னம் தோற்றதில் அவருக்கு வருத்தம்.

ஜெயித்தவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரு மாதத்தில் துடைப்பங்களும் தொட்டிகளும் வெளியே போயின. வெள்ளையடித்து, விளக்கு போட்டு, திறப்பதற்கு எங்களையும் அழைத்தார். பாபிஜி மாலை மரியாதைக்கெல்லாம் காத்திராமல் நேரே உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார், கதவைச் சாத்திப் பார்த்தார். வெளியே வந்து, "தண்ணி வருது பேட்டா. ஆனா ஒரு கதவுக்கு உள்தாழ்ப்பாளைக் காணோமே?" என்று புதிய கவுன்சிலரிடமே கேட்டார். அவர் அசடு வழிய, "கல் பக்கா, மாதாஜி. நாளைக்கே போட்டுடறோம்" என்றார். சொன்னபடியே மறுநாள் ஆள் வந்து போட்டுவிட்டுப் போனான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். கையில் இரண்டு பைகளோடு பாபிஜி நின்றிருந்தார்.

"என்ன பாக்கிறே? ஜல்தி கிளம்பு. நல்ல பட்டாணியெல்லாம் தீர்ந்துடும்" என்றார்.