மாப்பிள்ளைத் தட்டுக்கு வார்த்த சோப்பு

எழுபதுகளின் இறுதியில் அரியலூரில், புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் நிலையத்தில் பணிபுரிந்தார். நான் பெண்கள் பள்ளியொன்றில் தமிழாசிரியை. பெற்றோர் இசைவின்றிப் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டவர்கள் நாங்கள். தந்தையார் மறைந்த பின் அம்மா மனம் இளகி எங்களைச் சேர்த்துக்கொண்டார். தந்தையாரின் தமக்கையாகிய அத்தை மட்டும் இளகவில்லை. கீழப்பழுவூரில் அம்மாவின் அடுத்த வீட்டில் வாழ்ந்த அவர், நான் எதிரே நின்றாலும் என்னோடு ஒரு சொல் பேசமாட்டார். எனக்குரியதை அம்மாவிடம் சொல்வார், நான் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அவ்வாண்டுக் கார்த்திகையில், என் தங்கைக்குத் தை மாதத்தில் திருமணம் என்று உறுதியாயிற்று. மாப்பிள்ளை அழைப்பன்று பெண்வீட்டார் ஏந்திச் செல்லும் தட்டுகளுள் ஒன்று நீராடற் பொருள்களுக்கு உரியது. கண்ணாடி, சீப்பு, பவுடர், துண்டு, இரண்டு சோப்பு. அந்தத் தட்டில் நான் செய்த சோப்பு ஏறவேண்டும் என்னும் வேட்கை எனக்குள் புகுந்துகொண்டது. என் திருமணத்தில் தட்டும் இல்லை, ஏந்துவாரும் இல்லை. தங்கையின் தட்டில் என் கைவினை இருந்தால், நான் குடும்பத்துக்குள் மீண்டுவிட்டேன் என்று ஊரறியப் பொருள்படும். இப்படி எவரும் சொல்லவில்லை. நானாகவே கருதிக்கொண்டேன், கருதிய பின் உறக்கம் குறைந்தது.

வழலை என்பதே நான் விரும்பும் சொல். எங்கள் வீட்டில் அது சோப்பாகவே இருந்தமையால் இங்கும் அவ்வாறே எழுதுகிறேன். பெரம்பலூரில் மாதர் சங்கம் ஒன்று கோடை விடுமுறையில் நடத்திய பயிற்சியில் அதைச் செய்யக் கற்றிருந்தேன். காஸ்டிக் சோடாவை நீரில் கரைத்து ஆறவிட்டு, தேங்காயெண்ணெயும் கடலையெண்ணெயும் கலந்த கலவையில் ஊற்றிக் கிளறவேண்டும், அடுப்பு வேண்டா. கரண்டியிலிருந்து ஒழுகும் கூழ் மேற்பரப்பில் கோடாகத் தங்கும்போது பெட்டியில் வார்த்துவிடலாம். இறுகிய பின் துண்டுபோட்டு, காரம் அடங்க ஒரு மாதமேனும் காற்றில் வைக்கவேண்டும்.

அம்மா என் விருப்பத்தை அத்தையிடம் சொன்னார். விடையையும் மறைக்காமல் என்னிடம் கொண்டுவந்தார். "தொணி தொவைக்கிற சோப்பக் கொண்டாந்து மாப்பிள்ளை மூஞ்சில தேய்க்கச் சொல்றாளா ஓம் மவ?"

ஆகவே துணிச் சோப்பின் சாயல் சிறிதும் அதில் இருத்தலாகாது. சலவை நீலம் காரத்தில் நிறம் மாறாது என்று பயிற்சியில் கூறியிருந்தனர். ஆயினும் நீலத்தைக் கண்டதும் அத்தைக்கு வண்ணான்துறை நினைவுக்கு வரும். மங்கலத்துக்கு மஞ்சளே தகும் என்று தெளிந்தேன். வெள்ளையும் மஞ்சளும் அலையலையாகப் பின்னிய சோப்பு. மனத்தில் அது முழுமையாக இருந்தது.

பள்ளியில் காலியான சுண்ணக்கட்டிப் பெட்டியின் உள்ளே எண்ணெய்த்தாள் விரித்தேன். கூழை இரண்டாகப் பகுத்து ஒன்றில் மஞ்சள்தூளைக் கலந்தேன். கலந்த கணத்தில் அது குருதி போலச் சிவந்தது. நான் கரண்டியை ஏந்தியபடி நின்றேன். சுண்ணாம்பில் மஞ்சள் கலந்தால் சிவக்கும் என்பதை எத்தனை ஆரத்தித் தட்டுகளில் நானே கரைத்துக் கண்டிருக்கிறேன்! காரமும் சுண்ணாம்பின் உறவுதான் என்று ஒருமுறையும் எண்ணவில்லை. கூழோ இறுகிக்கொண்டிருந்தது. சிவப்போடு சேர்த்தே வார்த்து, சாக்கினால் பெட்டியை மூடினேன்.

மூடிய பெட்டியைத் திறவாதிருப்பது என்னால் இயலாததாயிற்று. ஆறும்போது நிறம் மாறுமோ என்று சாக்கை விலக்குவேன், மூடுவேன், சமையலறைக்குச் சென்று திரும்பி வருவேன். பணி முடிந்து வந்த கணவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டார்: "நீ சோப்பு பண்றியா, இல்ல தொட்டில்ல புள்ள தூங்குதான்னு பாக்குறியா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலையே பெட்டியைக் கவிழ்த்து மெல்லிய கம்பியால் அறுத்தேன். உட்புறம் களிம்பாக இருந்தது. கம்பி இறங்கிய வழியெல்லாம் சிவப்பு வழிந்து வெள்ளையை மூடிற்று. கரண்டியால் வழித்துச் சன்னலோரத்தில் ஓர் ஓட்டின்மேல் எறிந்தேன்.

சில நாள்கள் அதன் பக்கம் திரும்பவில்லை. பின்னொரு காலை சன்னலைத் திறக்கும்போது கண்டேன்: வழித்தெறிந்த களிம்பின் சிவப்பு தணிந்திருந்தது. வெயில் பட்ட புறத்தில் பழுத்த மாம்பழத் தோலின் நிறம் வந்திருந்தது. காரம் அடங்க அடங்க மஞ்சள் தன் நிறத்துக்கு மீள்கிறது போலும். ஆனால் மார்கழி பிறந்துவிட்டது. மறுபடி வார்த்தால் தைக்குள் நிறம் மீளுமா என்பதற்கு எவரும் உறுதி தரமுடியாது.

அன்றே மீண்டும் வார்த்தேன். பெட்டியில் வார்த்த வெள்ளைக் கூழின்மேல் மஞ்சட் கூழை உயரத்திலிருந்து நூலாக ஊற்றினால் அடிவரை இறங்கும். தாழ்த்தி ஊற்றினால் மேலே தங்கும். உயரத்தை மாற்றி மாற்றி ஊற்றி, பச்சைத் தென்னை ஈர்க்கு ஒன்றைச் செங்குத்தாக நட்டு, முனைக்கு முனை வளைத்து இழுத்தேன். இரண்டு இழுப்பு அழகு தரும். நான்காவது இழுப்பில் இரு நிறமும் கலங்கிச் சேறாகும். மூன்றாவதை இழுத்துவிட்டு ஈர்க்கினை முறித்து எறிந்தேன். கையில் இருந்தால் நிறுத்தமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். பெட்டியைப் பக்கத்து வீட்டு அம்மையாரிடம் கொடுத்து, நான் கேட்டாலும் நாளை மறுநாள் வரை தரவேண்டா என்று சொல்லி வந்தேன். அந்த அம்மையார் அதில் நகை இருப்பதாக எண்ணிப் பீரோவில் பூட்டிவிட்டாராம்.

அறுத்தபோது அலைகள் தெளிவாக இருந்தன, நிறம் செங்கல். துண்டுகளைச் சன்னலில் பரப்பினேன். பள்ளிக்குச் செல்லுமுன் புரட்டுவேன், வந்ததும் புரட்டுவேன், வெயில் நகர நகர இடம் மாற்றுவேன். இலக்கண வகுப்பில் விதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனம் சன்னலில் கிடக்கும். பொங்கல் வரை அது செங்கலுக்கும் மஞ்சளுக்கும் இடையே நின்று என்னை அலைக்கழித்தது. பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருவாறு பொன்னிறத்தில் நிலைத்தது. ஒரு துண்டை எடுத்துக் குளித்த கணவர், தோல் எரியவில்லை என்று சான்றளித்தார்.

மாப்பிள்ளை அழைப்பன்று நண்பகல், பேருந்தில் மடியிலிருந்து இறக்காமல் துண்டுகளைக் கீழப்பழுவூருக்குக் கொண்டு சேர்த்தேன். கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார் அத்தை. கடையில் வாங்கிய சோப்பு இரண்டு, உறை பிரியாமல், முன்னரே தட்டில் இருந்தன. அம்மா என் துண்டுகளைப் பாயில் பரப்பினார். அத்தை ஒன்றை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றை எடுத்தார். இரண்டையும் அருகருகே பிடித்து, அம்மாவை நோக்கிச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு போல ஒண்ணு இல்லியே. சீர்த்தட்டுல ஜோடி இல்லாம வைப்பாங்களா? சம்பந்தி வூட்ல, மிச்சம் மீதியப் பொறுக்கிக் கொடுத்தாங்கன்னு பேச மாட்டாங்களா? ஓம் மவகிட்ட சொல்லு."

அவர் கூறியது தவறன்று. ஈர்க்கு இழுத்த சோப்பில் ஒரு துண்டின் கோலம் மற்றொன்றில் வாராது. அழகென்று நான் போற்றியதே தகுதியின்மை ஆயிற்று.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கம்பி ஓரிடத்தில் இறங்கும்போது இரண்டு முகங்கள் உண்டாகின்றன. அவ்விரண்டும் கண்ணாடியும் உருவும் போல ஒத்திருக்கவேண்டும். ஆனால் நாள்தோறும் புரட்டி இடம் மாற்றியதில் வரிசை குலைந்துபோயிருந்தது. பாயில் அமர்ந்து ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு பொருத்திப் பார்க்கலானேன். ஒத்தது போல் தோன்றியவை ஓரத்தில் விலகின. கணவர் குளித்துத் தீர்த்ததே என் கையிலிருந்த துண்டின் துணையாக இருக்குமோ என்று அஞ்சினேன். வெளியே மேளக்காரர் வந்து இறங்கும் ஓசை கேட்டது. அத்தை கடைச் சோப்பைத் தட்டில் நேராக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் இரண்டு பொருந்தின. அவற்றைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து ஒட்டி வைத்தேன். இடத்துண்டில் வளைந்து சென்ற பொன்னிற அலை, நடுவில் வலத்துண்டின் அலையைத் தொட்டுத் திரும்பிற்று. இரண்டும் சேர்ந்து, நடு நரம்போடு கூடிய ஒரே இலைபோல் தோன்றின.

அத்தை குனிந்து நெடுநேரம் பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்றாக மூடினார், திறந்தார். "மூடுனா ஒண்ணு, தொறந்தா ரெண்டு" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, உறையிட்ட சோப்புகளை எடுத்துத் தம் பையில் போட்டார். தட்டை யார் ஏந்துவது என்று அம்மா கேட்டபோது, அத்தை அடுத்த தட்டை அடுக்கத் திரும்பிவிட்டார். நானே எடுத்துக்கொண்டேன், அவர் தடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த வீட்டுக்கு மேளத்தோடு நடந்தோம். ஒவ்வோர் அடியிலும் துண்டுகள் நழுவுமோ என்று கண் தட்டிலேயே இருந்தது. உள்ளே, மாப்பிள்ளையின் தாயார் தட்டை எட்டிப் பார்த்து, இது எந்தக் கடைச் சரக்கு என்று அத்தையிடம் கேட்டார்.

"கடையில ஏது? எங்க மூத்த பொண்ணு செஞ்சது" என்றார் அத்தை. பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னாடி மரமாட்டம் நிக்கிற? தட்ட எறக்கி வையி."

இறக்கி வைத்தேன். இறக்கிய அசைவில் இரு துண்டுகளும் சற்றே விலகியிருந்தன. நான் கை நீட்டுமுன் அத்தையே அவற்றை ஒட்டி வைத்தார்.